பிளக்கைச் சொருகும் முன்: பழைய ஃபேன்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், பழைய மின்விசிறிகளைச் சேகரிப்பது, பழுது பார்ப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதலாம் என்று ஆசிரியர் அறிவித்திருந்தார். குமரி மாவட்டத்திலிருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் கோட்டாரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். பம்ப்செட்டும் கிரைண்டரும்தான் சோறு போடுகின்றன. பழைய ஃபேன் மேல் இருப்பது பிரியம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விலை கேட்டு வந்த கடிதங்களுக்கு மொத்தமாக ஓரிடத்தில் பதில் இருக்கிறது.

தாத்தா வீட்டு மச்சிலிருந்து ஒரு மேஜை ஃபேன் கிடைத்தது. நான்கு இறக்கையும் பித்தளை. அடியில் உள்ள தகட்டில் ஜி.இ.சி. என்றும் மேட் இன் இங்கிலாந்து என்றும் இருக்கிறது. கையால் சுற்றினால் சுற்றுகிறது. கரண்டில் போட்டுப் பார்க்கலாமா? — ஓர் ஆசிரியை, தக்கலை

போடாதீர்கள், டீச்சர். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கையால் சுற்றினால் சுற்றுகிறது என்பது நல்ல சேதிதான். ஷாஃப்டும் (சுற்றும் அச்சு) அதைத் தாங்கும் புஷ்ஷும் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது ஒயரிலிருந்து.

அந்தக் கால ஒயர் எப்படி இருக்கும் என்றால், மேலே பருத்தி நூல் பின்னல், உள்ளே ரப்பர், அதற்குள் செம்புக் கம்பி. நம் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் மரத்தில் வடிகிற அதே இயற்கை ரப்பர்தான். அதில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியிருப்பார்கள். கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அதனால் பழைய ஒயரை வெட்டிப் பார்த்தால் கம்பி வெள்ளையாகத் தெரியும். அலுமினியம் என்று நினைத்துவிட வேண்டாம். காலம் போகப் போக ரப்பர் இறுகி, வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெளியே நூல் பின்னல் அப்படியே இருப்பதால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். உள்ளே கம்பி வெறுமனே கிடக்கும்.

இதில் மிக மோசமான இடம் ஃபேனின் கழுத்து. தலை இடமும் வலமும் திரும்பும் ஃபேன் என்றால், அடிப்பீடத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் குட்டி ஒயர் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கிறது. அங்கேதான் முதலில் ரப்பர் உதிரும். உதிர்ந்த கம்பி வார்ப்பிரும்புக் கழுத்தைத் தொட்டால் உடம்பு முழுக்கக் கரண்ட். பித்தளைக் கூண்டைத் தொடுகிறவர் நிலைமை என்ன ஆகும்? அந்தக் காலத்து ஃபேன் பலவற்றுக்கும் இரண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. அதனால் ஃபியூஸும் போகாது. ஆள்தான் எர்த் ஆவார்.

ஆக, செய்ய வேண்டிய முறை இதுதான். பிளக்கிலிருந்து மோட்டார் வரைக்கும் ஒயர் முழுவதையும் மாற்றுங்கள். மூன்று கோர் ஒயர் போட்டு, பச்சை ஒயரை அடிப்பீடத்தின் இரும்பில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஸ்க்ரூ வைத்து முறுக்குங்கள். கழுத்துக்குள் ஓடும் ஒயர் நல்ல வளைவுத்தன்மை உள்ள, பல இழை ஒயராக இருக்கட்டும். பழைய தோற்றம் வேண்டுமானால் மேலே நூல் பின்னிய புது ஒயர் இப்போது கிடைக்கிறது. அதிலும் மூன்று கோர் இருக்கிறது.

அப்புறம் மெக்கர், அதாவது கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மீட்டர், வைத்துப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஃபேனை ஓட்டக் கூடாது. நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு; மச்சில் கிடந்த காயில் ஈரம் குடித்திருக்கும். குறைவாகக் காட்டியதும் காயில் போச்சு என்று அறுத்துவிடாதீர்கள். மோட்டார் தலையை ஒரு பெட்டிக்குள் வைத்து 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, ஓரிரு நாள் மெதுவாகக் காயவைத்தால் பல காயில் திரும்பிவிடும். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய காயிலைக் காப்பாற்ற முடிகிற வரை காப்பாற்றுவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் காலத்தில் கையால் சுற்றி வார்னிஷில் முக்கிய காயில் அது. ஒரு தடவை அறுத்தால் அது போனதுதான்.

கடைசியாக சீரிஸ் லாம்ப். 100 வாட் குண்டு பல்பை ஃபேனோடு வரிசையில் இணைத்துக் கரண்ட் கொடுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு மங்கலாக எரிந்து ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் நல்லது. இந்த வேலையை ஓர் எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அந்த லைனில் மட்டும் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஃபேனுக்கு முன் அதைப் போடுங்கள்.

ஒன்று கூடுதலாக. இங்கிலாந்து ஜி.இ.சி.யும் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஒரே கம்பெனி அல்ல. இரண்டும் தனித்தனி. உதிரிபாகம் தேடும்போது பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

எங்கள் எஸ்டேட் பங்களாவில் பழைய ஃபேனுக்கு எப்போதும் தேங்காய் எண்ணெய்தான் விடுவார்கள். இப்போது சுற்றவே மாட்டேன் என்கிறது. காயில் எரிந்திருக்குமோ? — ஒரு ரப்பர் தோட்ட மேலாளர், குலசேகரம்

காயில் நன்றாகவே இருக்கலாம், அண்ணாச்சி. தேங்காய் எண்ணெய்தான் பிடித்து வைத்திருக்கிறது.

நம் ஊரில் கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். ஃபேனுக்கு மட்டும் ஆகவே ஆகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் உங்கள் பக்கம் அது கட்டியாகிவிடும். ஃபேன் புறப்படத் திணறும், காயில் சூடாகும். இரண்டாவது இன்னும் மோசம். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ்ஷில் இருக்கும் செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாகிவிடும். ஷாஃப்டை வெளியே இழுத்தால் புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் வளையம் வளையமாகப் பச்சைப் பிசின் ஒட்டியிருக்கும். அதில் பஞ்சும் தூசியும் புதைந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரும். அதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இது தேங்காய் எண்ணெய் விட்ட ஃபேன் என்று.

சுத்தியல் கொண்டு தட்டி ஷாஃப்டைக் கழற்றாதீர்கள். முனை பிதுங்கிவிட்டால் புஷ்ஷைக் கீறிக்கொண்டுதான் வெளியே வரும். எண்ணெய்த் துளையில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், மறுபடி விடுங்கள். வந்துவிடும். கழற்றிய பிறகு புஷ், ஷாஃப்ட் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டு ஷாஃப்டைத் தேய்க்க வேண்டாம். தேய்த்த அளவுக்கு ஆட்டம் வரும். காயிலுக்கு மண்ணெண்ணெய் படக் கூடாது. பழைய வார்னிஷ் இளகிவிடும்.

புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழியில் கம்பளித் திரி இருக்கும். எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு ஷாஃப்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிற வேலை அதனுடையது. பலர் இதை அழுக்கு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். திரி இல்லாத ஃபேனுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒரே வாரத்தில் வறண்டுவிடும். திரி கறுத்துக் கட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். ஆனால் கம்பளி ஃபெல்ட் துண்டுதான் வைக்க வேண்டும். நைலான் துணி எண்ணெய் குடிக்காது.

எண்ணெய் எது? எஸ்.ஏ.இ. 20, டிடர்ஜென்ட் கலக்காதது. அது கிடைக்காவிட்டால் 68 நம்பர் டர்பைன் ஆயில் கேளுங்கள், ஏறக்குறைய அதே கனம். பைக்குக்கு விடும் எஞ்ஜின் ஆயில் வேண்டாம். அதில் இருக்கும் டிடர்ஜென்ட் அழுக்கை எண்ணெயிலேயே மிதக்க வைக்கும். பைக்கில் ஃபில்டர் இருக்கிறது, ஃபேனில் ஏது? தையல் மிஷின் எண்ணெய் ரொம்ப மெல்லிசு. துரு இளக்கும் ஸ்ப்ரே கழுவத்தான் உதவும், அதை எண்ணெயாக நினைக்கக் கூடாது. தலை திருப்பும் கியர் பெட்டிக்கு மட்டும் கிரீஸ்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. பித்தளை ஃபேனை எத்தனை முறை பளபளப்பாக்கினாலும் சில நாளில் கறுத்துவிடுகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? பஃபிங் கொடுக்கலாமா? — ஒரு குடும்பத் தலைவி, குளச்சல்

புளி தப்பில்லை அக்கா, விளக்கையும் குத்துப்போணியையும் அப்படித்தானே தேய்க்கிறோம். ஆனால் ஃபேனோடு சேர்த்துத் தேய்க்காதீர்கள், உப்பும் சேர்க்காதீர்கள். இறக்கையைக் கழற்றி, புளித் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, உடனே துணியால் ஒற்றி வெயிலில் காய வையுங்கள். இறக்கை நடுவிலுள்ள தாங்கியில் ரிவெட் அடித்திருக்கும் இடுக்கில் புளி தங்கினால் அங்கேதான் பச்சைக் களிம்பு பூக்கும். கழற்றும் முன் ஒவ்வொரு இறக்கையின் பின்பக்கமும் பென்சிலால் எண் போடுங்கள். வந்த இடத்துக்கே திரும்பப் போனால்தான் சமநிலை கெடாது.

பஃபிங் வேண்டவே வேண்டாம். சக்கரம் ஓர் இறக்கையில் கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டால் எடை மாறும், ஃபேன் நடுங்கும், புஷ் தேயும். அதோடு தகட்டில் அச்சடித்த பெயரும் நம்பரும் வழவழப்பாகிப் போய்விடும். பெயர் அழிந்த ஃபேன் எந்தக் காலத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பளபளப்புக்காக ஃபேனின் பிறப்புச் சான்றிதழை அழிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. அது பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்னும். தேய்த்த பிறகு இறக்கையில் ரோஸ் நிறத் திட்டுத் தெரிந்தால் அங்கே துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடம் வலுவில்லாதது, அந்த ஃபேனை ஓட்ட வேண்டாம். திட்டு இல்லையென்றால் சுத்தம் செய்த கையோடு லேக்கர் என்ற நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாகப் பூசுங்கள். பல பழைய பித்தளை ஃபேன்கள் கம்பெனியிலேயே லேக்கர் பூசி வந்தவைதான். லேக்கர் கிடைக்காவிட்டால் மெழுகு தேய்க்கலாம், சில மாதம் தாங்கும்.

உலகத்தில் முதல் மின்சார ஃபேன் எது? எங்கள் வீட்டு ஃபேன் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மேஜை ஃபேன் என்றால் 1882, அமெரிக்காவில் ஸ்கைலர் வீலர் என்ற இளம் எஞ்ஜினியர் செய்தது. இரண்டே இறக்கை, கூண்டும் கிடையாது. அதே 1880களில் ஃபிலிப் டீல் என்பவர் தையல் மிஷினுக்கு வடிவமைத்த மோட்டாரில் இறக்கை பொருத்திக் கூரையில் தொங்கவிட்டார். அதுவரை எல்லாம் டி.சி. நிகோலா டெஸ்லாவின் ஏ.சி. மோட்டாருக்கான காப்புரிமை 1888இல் வந்தது. கார்பன் பிரஷ் தேவையில்லாத அந்த வகை மோட்டார்தான் இன்றைக்கும் நம் வீடுகளில் அதிகம் சுற்றுவது.

நம் பகுதிக் கதை வேறு. 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி, நாம் அங்கேதான் இருந்தோம். திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929இல். மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1940இல். எனவே நம் கிராமத்து வீட்டில் 1910ஆம் வருட ஃபேன் இருக்கிறது என்றால் அது வேறெங்கோ ஓடிவிட்டு வந்தது. கொழும்பு, பம்பாய், கப்பல், மிஷன் பங்களா, தோட்டத் துரைகள் வீடு, இப்படி ஏதாவது ஒரு வழி இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள் தம்பி. தகடு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வருடம் பெரும்பாலும் தகட்டில் இருக்காது, ஆனால் ஜாடை இருக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சைக்கிள் என்று போட்டிருந்தால் பழசு. ஹெர்ட்ஸ் என்ற அலகை உலக அளவில் ஏற்றுக்கொண்டதே 1960இல்தான். அகலத்தை அங்குலத்தில் மட்டும் போட்டிருந்தால், நாம் மெட்ரிக் முறைக்கு மாறுவதற்கு முந்தியதாகவோ மாறிய காலத்தை ஒட்டியதாகவோ இருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியதுதான். அந்த நிறுவனம் தொடங்கியதே 1947இல். பித்தளை இறக்கை முதல் உலகப் போருக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து இரும்புத் தகடும் அலுமினியமும் வந்தன. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. யாராவது நடுவில் இறக்கையை மாற்றியிருக்கலாம்.

நம் பக்கம் கண்ணில் படும் பெயர்கள் என்றால், இத்தாலியின் மாரெல்லி, இங்கிலாந்தின் ஜி.இ.சி., பிறகு கிராம்ப்டன், கல்கத்தாவிலிருந்து வந்த உஷா, ஓரியன்ட். இதில் உஷாவையும் ஓரியன்டையும் சேகரிப்பவர்கள் மட்டம் தட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 1950களிலும் 60களிலும் இங்கே செய்த ஃபேனின் வார்ப்பிரும்பைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். அவற்றை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போடும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச காலத்தில் இங்கிலாந்து ஃபேனைவிட அதுதான் கிடைக்காது.

அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த ஃபேன் தகட்டில் 220 வோல்ட் டி.சி. என்று இருக்கிறது. உள்ளே கார்பன் பிரஷ் உண்டு. டையோடு போட்டால் ஓடும் என்கிறார்கள். உண்மையா? — ஒரு வாசகர், மார்த்தாண்டம்

உண்மை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். ஏ.சி./டி.சி. என்று இரண்டும் போட்டிருந்தால் எதுவும் தேவையில்லை, நேராக ஓடும். டி.சி. மட்டும் என்றால் நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வேண்டும். 230 வோல்ட் ஏ.சி.யைப் பிரிட்ஜ் வழியாக விட்டால் சராசரியாக 207 வோல்ட் டி.சி. கிடைக்கும். 220 வோல்ட் ஃபேன் அதில் சுகமாக ஓடும்.

தப்பு நடப்பது எங்கே என்றால், கரண்ட் சீராக வரட்டும் என்று பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பெரிய கண்டென்சரைச் சேர்த்துவிடுகிறார்கள். ரேடியோ வேலை தெரிந்தவர்களுக்கு அது கைப்பழக்கம். கண்டென்சர் போட்டால் வோல்டேஜ் 325 வரைக்கும் ஏறும். ஃபேன் பறக்கும், பிரஷ் பொறி கக்கும், ஆர்மேச்சர் (சுற்றும் காயில்) போகும். மோட்டாரின் காயிலே கரண்டைச் சமப்படுத்திக்கொள்ளும், கண்டென்சர் தேவையே இல்லை.

பிரஷ் தேய்ந்திருந்தால் அதே அளவுக்கு வேறொன்றை அரைத்துப் பொருத்தலாம். அது கம்யூட்டேட்டரின், அதாவது பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையின், வளைவோடு உட்கார வேண்டும். கம்யூட்டேட்டர் பட்டைகளுக்கு நடுவே கரித்தூள் அடைத்திருந்தால் மரக்குச்சியால் எடுங்கள். பிரிட்ஜ் போட்டாலும் மெயின் லைனோடு நேரடித் தொடர்புதான், அதனால் எர்த் கட்டாயம்.

சவுதியிலிருந்து மாமா பல வருடம் முன் கொண்டுவந்த ஃபேன். 127 வோல்ட், 60 என்று போட்டிருக்கிறது. எப்படி ஓட்டுவது? — ஒரு வாசகர், திங்கள்சந்தை

சவுதியில் அப்போது வீடுகளுக்கு 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போடுங்கள். 127 கேட்கும் ஃபேனுக்கு 110 போதுமா என்று தோன்றும். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50இல் ஓட்டும்போது வோல்டேஜையும் ஆறில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், அப்போதுதான் சூடாகாது. 127இல் ஆறில் ஒரு பங்கு போனால் சுமார் 106. அதனால் 110 உங்கள் ஃபேனுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. வேகம் மட்டும் அதே விகிதத்தில் கொஞ்சம் குறையும்.

அமெரிக்காவிலிருந்து வந்த 110, 115 வோல்ட் ஃபேன் வைத்திருப்பவர்கள் இதே கணக்கைப் போட்டால் 92இலிருந்து 96 வோல்ட் வரைதான் வரும். 110 கொடுத்தால் ஓடும், ஆனால் தலையில் கை வைக்க முடியாத அளவு சுடும்.

பாட்டி, மண்ணெண்ணெயில் ஓடும் காத்தாடி எங்கள் வீட்டில் இருந்தது என்கிறாள். அப்படி ஒன்று உண்டா, அல்லது பாட்டி கதை சொல்கிறாளா? — ஒரு மாணவி, பூதப்பாண்டி

பாட்டி சொல்வது சத்தியம். மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகவே அப்படி ஃபேன் விற்றார்கள். அதன் அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அதற்கு மேல் ஒரு சிலிண்டர். விளக்குச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், மேல்பகுதிக்குப் போனதும் குளிர்ந்து சுருங்கும். இந்த விரிதலும் சுருங்குதலும் பிஸ்டனை ஏற்றி இறக்கி ஒரு சக்கரத்தைச் சுற்ற, சக்கரத்தோடு இறக்கை சுற்றும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816இல் காப்புரிமை வாங்கிய எஞ்ஜின் தத்துவம் இது. நீராவி கிடையாது, வெடிப்பு கிடையாது, சத்தமும் ரொம்பக் குறைவு. தானாகப் புறப்படாது. விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் சூடாக விட்டு, கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பாட்டியிடம், யார் தட்டிவிடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிச்சயம் பதில் இருக்கும்.

வீட்டில் இன்னும் எங்காவது கிடந்தால் ஆக்கர் கடைக்குப் போகவிடாதீர்கள். தயவுசெய்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஓட்டுவதானால் காற்றோட்டமான திண்ணையில் மட்டும். மூடிய அறையில் மண்ணெண்ணெய் எரிப்பது உயிருக்கு ஆபத்து. சூடாகும் சிலிண்டருக்குள் எண்ணெய் விடக் கூடாது, கரியாகிப் பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கும் இணைப்புகளுக்கு மட்டும் ஒரு சொட்டு போதும்.

என் ஃபேன் என்ன விலை போகும்? — பலர்

விலை சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதைப் பொறுத்து ஒரே ஃபேன் மூன்று விலைக்குப் போகிறது. நான் சொல்லக்கூடியது, எது உண்மையான பழசு என்பதுதான்.

ஹோட்டல் வரவேற்பறையில் வைப்பதற்கென்றே புதிதாகப் பித்தளை ஃபேன் செய்து, பழசு என்று விற்கிறார்கள். திரும்பிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்க்ரூவின் தலையில் நட்சத்திரக் குறி இருந்தால் யோசியுங்கள். அந்த ஸ்க்ரூ பரவியதே 1930களில்தான். அதற்கு முந்தைய ஃபேனில் ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூதான் இருக்கும். பழைய இங்கிலாந்து ஃபேனின் மறை மெட்ரிக் நட்டுக்குச் சேராது. கூண்டின் கம்பிகள் சேரும் இடத்தைக் கையால் தடவினால் பழசில் ஒழுங்கு தெரியும். புதிதில் பற்றவைத்த உருண்டைகள் தட்டுப்படும். பெயர்த்தகடு மட்டும் பளிச்சென்று, மற்றதெல்லாம் கறுத்திருந்தால் தகடு பிறகு வந்தது.

முடிந்தால் விற்காதீர்கள். ஒரு குடும்பத்துக்குக் காற்று கொடுத்த சாமான் அந்த வீட்டிலேயே சுற்றுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஓட்டு வீட்டில் உத்திரத்தில் தொங்கும் பழைய சீலிங் ஃபேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து மாற்றச் சொல்கிறான் மகன். பெட்டி மாதிரிப் பெரிய ரெகுலேட்டரும் இருக்கிறது. என்ன செய்ய? — ஓய்வுபெற்ற தபால்காரர், இரணியல்

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஐயா. பழைய சீலிங் ஃபேன் 75, 80 வாட் எடுக்கும். இப்போதைய பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 28 முதல் 35 வாட்டில் அதே வேலையைச் செய்யும். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறைக்குப் புதிது போடுங்கள். முன்னறையில் இது இருக்கட்டும். அந்தப் பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைப்பதற்குக் கம்பிச்சுருளைச் சூடாக்கி மின்சாரத்தை வீணாக்குகிறது. அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஒயரை மட்டும் பக்கத்தில் ஒரு புது ரெகுலேட்டருக்கு மாற்றிவிடலாம். பெட்டியைக் கழற்றி எறிய வேண்டாம்.

பில்லைவிட நான் கவலைப்படுவது கொக்கியைப் பற்றி. வார்ப்பிரும்பு உடம்பு நல்ல கனம். ஏணி போட்டு ஏறி, ராடை மாட்டும் போல்ட், அதன் ஸ்பிளிட் பின், ரப்பர் உருளை மூன்றையும் பாருங்கள். ரப்பர் பிளந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசிப் போல்ட் நடுவில் தேய்ந்து மெலிந்திருக்கும். போல்ட்டையும் பின்னையும் எப்படியும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சில ரூபாய் வேலை. கொக்கி இறங்கியிருக்கும் உத்திரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் உள்ளே போனால் அன்றைக்கே ஃபேனை இறக்குங்கள். பேரிங் சத்தம் என்றால் பெரிய செலவில்லை, 6202 பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும்; உங்களுடையது எந்த நம்பர் என்று கழற்றிப் பார்த்து வாங்குங்கள். மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

நானும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். எந்த ஃபேனில் ஆரம்பிக்கலாம்? — ஒரு ஐ.டி.ஐ. மாணவர், ஆரல்வாய்மொழி

பித்தளையில் ஆரம்பிக்காதே தம்பி. ஆக்கர் கடையில் 1970, 80களின் மேஜை ஃபேன் எடைக்குக் கிடைக்கும். அதில் ஒன்றை வாங்கி முழுக்கக் கழற்று. கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடு. ஸ்க்ரூக்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு எந்த இடத்தது என்று எழுது. வாஷர்களின் வரிசை ரொம்ப முக்கியம். ஷாஃப்டின் முன்னும் பின்னும் இருக்கும் ஃபைபர் வாஷர் ஒன்று இடம் மாறினாலும் ரோட்டார் காயிலுக்கு நடுவே உட்காராது. ஃபேன் முனகும், ஏன் என்று உனக்குப் புரியாது.

பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதே. அந்தக் கால பெயின்ட்டில் ஈயம் இருக்கும், தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரம் வைத்துத் தேய், மாஸ்க் போடு. அதைவிட நல்லது பெயின்ட்டை அப்படியே விட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, மெழுகு பூசுவது. கறுப்பு எனாமல் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் அதுதான் அதன் சொந்த நிறம். முழுக்கச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் செய்த ஃபேனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பழைய ஃபேன் ஓட்டலாமா? — ஒரு தாய், கருங்கல்

தரையிலோ தாழ்ந்த மேஜையிலோ வைத்து ஓட்டக் கூடாதும்மா. பழைய கூண்டில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் குழந்தையின் கையே போகும், விரலைச் சொல்ல வேண்டியதில்லை. பித்தளை இறக்கையின் ஓரம் கத்தி மாதிரிக் கூர். கூண்டின் மேல் வலை சுற்றுகிறார்கள் சிலர். வலை தளர்ந்து இறக்கையில் மாட்டினால் இன்னும் ஆபத்து, காற்றும் வராது. பெரியவர் தலை உயரத்தில் சுவரில் நல்ல தாங்கி அடித்து, அதில் போல்ட் போட்டு வையுங்கள். ஒயர் கீழே தொங்கக் கூடாது, சுவிட்சும் மேலேயே இருக்கட்டும். அப்படி இடம் இல்லையென்றால் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரும் வரை ஃபேன் அலமாரிக்குள் இருக்கட்டும். மாதம் ஒரு முறை எடுத்து, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி வையுங்கள், புஷ் பிடித்துக்கொள்ளாது.